வெள்ளைக்கல்லில் தப்பிய தவறு பாக்சைட்டில் மாட்டும்: மோல் கணக்கில் தவிர்க்க வேண்டியவை

மோல் (துகள்களை எண்ணும் அலகு) கணக்குக்கு உதாரணம் தேடி சேலத்து மாணவர்கள் ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட், சேர்வராயன் மலையில் பாக்சைட், கஞ்சமலையில் மேக்னடைட் என்று எல்லாம் இங்கேயே கிடக்கிறது.

வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் மெக்னீசியம் கார்பனேட் சிதைந்து மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் வரும். 84 கிராம் கார்பனேட்டுக்கு ஆக்சைடு 40 கிராம், வாயு 44 கிராம். கெழு (சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வரும் எண்) எல்லாமே 1 என்பதால், கெழுவை மறந்தவருக்கும் விடை சரியாக வந்துவிடும். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு பாடம் புரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இதில் சறுக்கும் இடம் தூய்மை. 84 சதவீதத் தூய்மையுள்ள கல் 1,000 கிலோ என்றால் சிதைவது 840 கிலோ. கிடைக்கும் ஆக்சைடு 400 கிலோ. சூளையில் மிஞ்சும் திடப்பொருள் எவ்வளவு என்று கேட்டாலோ, மாசு 160 கிலோவும் அப்படியே தங்குவதாகக் கொண்டால், விடை 560. ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 273 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தத்தில். சூளைச் சூட்டில் வெளிவரும் வாயுவின் கன அளவுக்கு அதைப் போடக் கூடாது.

பாக்சைட்டைச் சுத்திகரித்தால் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. அதிலிருந்து உலோகம் எடுக்கும் வினை:

2 அலுமினா + 3 கார்பன் → 4 அலுமினியம் + 3 கார்பன் டை ஆக்சைடு

"2-க்கு 4, அப்படியென்றால் 100 கிராம் அலுமினாவுக்கு 200 கிராம் அலுமினியம்" என்று எழுதுபவர்கள் உண்டு. போட்ட அலுமினாவைவிட வந்த உலோகம் அதிகமா? கெழு எண்ணுவது மோலை, கிராமை அல்ல. ஒரு மோல் அலுமினா 102 கிராம். 100 கிராம் என்பது 0.98 மோல், அலுமினியம் 1.96 மோல், 27-ஆல் பெருக்க ஏறத்தாழ 52.9 கிராம். இன்னொரு தவறு கண்ணில் படாது: கெழு 2-ஐ மோலார் நிறையோடு (ஒரு மோலின் நிறை) பெருக்கி 204-ஆல் வகுத்துவிட்டு, மோல் விகிதத்தில் மறுபடியும் அதே 2-ஐப் பயன்படுத்துவது. விடை பாதியாகிவிடும். கெழுவுக்கு ஒரே ஒரு முறைதான் வேலை.

கஞ்சமலைத் தாதுவில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்) சிக்கல் வரும்:

1 மேக்னடைட் + 4 கார்பன் மோனாக்சைடு → 3 இரும்பு + 4 கார்பன் டை ஆக்சைடு

மேக்னடைட் 232 கிராம், கார்பன் மோனாக்சைடு 84 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோலில் 1, 3. சிறிய எண் 1, ஆகவே மேக்னடைட்தான் முதலில் தீரும் என்று பலர் குறித்துவிடுவார்கள். தவறு. அததன் கெழுவால் வகுத்துப் பாருங்கள்: 1, 0.75. முதலில் தீர்வது கார்பன் மோனாக்சைடு. இரும்பு 2.25 மோல், அதாவது 126 கிராம். மேக்னடைட் 58 கிராம் மிச்சம்.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். வினையில் தீர்ந்தது 174 + 84 = 258; வந்தது இரும்பு 126 + கார்பன் டை ஆக்சைடு 132 = 258. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்.