ஃபேனுக்கு அடியில் இருக்கும் தூசு

"சிஸ்டம் ஸ்லோவாகிவிட்டது, விண்டோஸை மறுபடி போட்டுத் தர முடியுமா?" என்று யார் கேட்டாலும், கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதிலாக வருவது ஓர் அசட்டுச் சிரிப்பு.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் சிப்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். தூசு காற்றை அடைத்துச் சூடு ஏறியிருந்தால், விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது சரியாகாது.

திறப்பதற்கு முன் கோர் டெம்ப் மாதிரி ஒரு மென்பொருளை ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நிற்கும் டெஸ்க்டாப்பிலேயே 70 டிகிரி காட்டுகிறது, ஃபேனும் இரைகிறது என்றால் தூசைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம். ஒரு விதிவிலக்கு: ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில சிப்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போவது அவற்றின் வடிவமைப்பே. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஷட்டவுன் செய்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள், மூக்கில் ஒரு துணியும் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டால் உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்சாரமும் இறங்கிவிடும்.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிராசஸரின் மேலுள்ள ஃபேன் இறக்கைகளில் தெரியும் சாம்பல் நிறத் தூசை மேலாக ஊதிவிட்டு, வேலை முடிந்தது என்று மூடிவிடுவார்கள். அது வெறும் மேல்பூச்சு. காற்றை அடைக்கும் தூசு ஃபேனுக்கும், பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு ஒன்றை விரித்து வைத்ததுபோல் படிந்திருக்கும். மேலிருந்து ஊதினால் அது தகடுகளுக்குள் இன்னும் இறுகத்தான் செய்யும். ஃபேனை எடுத்தால்தான் அது கண்ணிலேயே படும். ஓரத்தில் நகத்தால் நெம்பினால் பல சமயம் அப்படியே ஒரே துண்டாக உரிந்து வரும். அந்தத் திருப்திக்காகவே இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன்.

ஆகவே முடிந்தவரை ஹீட்சிங்கை அசைக்காமல் ஃபேனை மட்டும் கழற்றுங்கள். கோபுரம்போல் நிற்கும் பெரிய கூலர்களில் இரண்டு கம்பிக் கிளிப்புகளை விடுவித்தால் போதும். எந்தப் பக்கம் எதைப் பார்த்திருந்தது என்று முதலில் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டால் காற்று எதிர்த்திசையில் போகும். மதர்போர்டில் சிபியு ஃபேன் (CPU_FAN) என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து வயரைப் பிடுங்கும்போது பிளாஸ்டிக் முனையைப் பிடித்து இழுங்கள், வயரை அல்ல.

பெரிய துண்டு வந்த பிறகு, தகடுகளின் வாக்கிலேயே மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷை ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் மெல்லிய தகடுகள் வளையும். அப்புறம் ப்ளோயரை, வழக்கமாகக் காற்று போகும் திசைக்கு நேர் எதிராகப் பிடித்து, விட்டு விட்டு ஊதுங்கள். அழுத்தக்காற்று டப்பாவாக இருந்தால் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் வெளியே பீய்ச்சும். ஃபேனின் மேல் ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கிர்ரென்று சுற்றுவது வேடிக்கையாக இருக்கும், பேரிங்குக்குத்தான் கேடு. வேக்குவம் கிளீனரின் குழாய் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும், அதை மதர்போர்டில் படவிடாதீர்கள். பவர் சப்ளையை வெளியிலிருந்து ஊதினால் போதும், அதைத் திறக்கவே கூடாது.

இன்டெல் பிராசஸரோடு வரும் வட்டமான ஹீட்சிங்கில், ஃபேனைத் தனியாகப் பிரிப்பதைவிட மொத்தமாகக் கழற்றுவது எளிது. நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பின்களின் தலையை அதில் போட்டிருக்கும் அம்புக்குறியின் பக்கம் திருப்பி, மேலே இழுக்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் பொருந்தும் இடம்) உட்காரும் ரைசன் என்றால் நிதானம் அதிகம் தேவை. சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்த நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால் ஹீட்சிங்கோடு பிராசஸரும் பிய்ந்து வந்துவிடும், அதன் அடியிலுள்ள ஊசிகள் வளையும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பின், ஹீட்சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

ஹீட்சிங் ஒருமுறை கிளம்பிவிட்டால் பழைய பேஸ்ட் உதவாது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். விரலால் பரப்ப வேண்டாம், அழுத்தமே பரப்பிக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது பின்களின் தலையைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக, டிக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூ என்றாலும் அதே முறைதான்: ஒரே மூலையை முழுசாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக.

ஃபேன் வயரைச் செருகி, பக்கத்துத் தகடு திறந்திருக்கும்போதே ஆன் செய்து, ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு அதே மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். முன்னைவிடக் கூடியிருந்தால் ஒரு மூலை சரியாக உட்காராமல் இருக்கலாம். அணைத்துவிட்டு நான்கு பின்களையும் லேசாக இழுத்துப் பாருங்கள், ஆடுகிற பின் எது என்று தெரிந்துவிடும்.