சீப்ரா ஃபிஞ்ச் வளர்ப்பு: பானை கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃபிஞ்ச் வாங்கும் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்போது முட்டை போடும்?" என்பதுதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்த சீப்ரா ஃபிஞ்ச், மழை பெய்து புல்விதை கிடைத்தால் உடனே குஞ்சு பொரிக்கப் பழகிய பறவை. நம் வீட்டில் அதற்குத் தண்ணீரும் தீனியும் எந்நாளும் கிடைக்கின்றன. அதனால் விட்டால் ஓயாமல் முட்டையிடும், பெட்டை இளைத்துப்போகும். முட்டையிடக் கூடாகக் கட்டும் மண் பானை எப்போது வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் நம் வேலை.

1. ஜோடி வாங்குவது

சாம்பல் நிறப் பறவையில் சேவலை எளிதாக அடையாளம் காணலாம்: கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளிகள், அடர் சிவப்பு அலகு. பெட்டைக்கு இவை கிடையாது, அலகும் வெளிர் ஆரஞ்சு. முழு வெள்ளைப் பறவையில் அலகின் நிறத்தையும் சேவலின் பாட்டையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். இறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்கி வழியும் பறவையை இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள்.

கடையில் சில்லைகளை ஃபிஞ்ச் என்று காட்டினால் வாங்க வேண்டாம். நம் வயல்வெளிப் பறவைகளான அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

2. கூண்டு

உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டடி நீளம், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குள். காலை வெயில் லேசாக விழும் இடம் நல்லது. சமையலறையும் கொசுவர்த்திப் புகையும் ஆகவே ஆகாது. கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்பு ஏறினால் கண் திறக்காத குஞ்சுகள் பிழைக்காது.

3. தீனி

தினையே அடிப்படை. கூடவே சாமை, குதிரைவாலி. உமியை ஊதிவிட்டுப் பாருங்கள்; கிண்ணம் நிறைந்ததுபோல் தெரியும், உள்ளே வெறும் உமிதான் இருக்கும். வாரம் சில நாள் கொத்தமல்லித் தழை, முளைகட்டிய தினை கொடுங்கள். கணவாய் ஓடு (கடல் கணவாயின் சுண்ணாம்பு ஓடு) எப்போதும் தொங்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டு பெட்டை இறந்துவிடும். குளிக்க அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள்.

4. பானை

இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும் பறவை இது. ஆனாலும் ஆறு மாதமாவது முடியட்டும், ஒன்பது மாதம் என்றால் இன்னும் நல்லது. அதன் பிறகு சிறிய மண் பானையைக் கூண்டின் மேல்பகுதியில் கட்டி, காய்ந்த புல்லைத் தரையில் போடுங்கள். தேங்காய் நார் போட்டால் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். நீள நார் காலில் சுற்றிக்கொள்ளும். சேவலே தூக்கிப்போய் அடுக்கும். முட்டை வந்ததும் புல் போடுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முட்டைகளின் மேலேயே அடுத்த கூட்டைக் கட்டிவிடும்.

5. முட்டையும் குஞ்சும்

நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகள். இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். 12 முதல் 14 நாளில் பொரியும். இந்த நாட்களில் பானைக்குள் கையை விடாதீர்கள். பயந்த ஜோடி கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். குஞ்சு பொரித்ததும் வேகவைத்த முட்டையை மசித்துத் தினமும் கொஞ்சம் வையுங்கள், சில மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும்.

மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும். அலகு கறுப்பாக இருக்கும். அதன்பின்னும் இரண்டு வாரம் தாய் தந்தைதான் ஊட்டும்.

6. பானையைக் கழற்றுவது

வருடத்துக்கு இரண்டு ஈடு (ஒருமுறை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஓர் ஈடு), மிஞ்சினால் மூன்று. பிறகு பானையை எடுத்துவிட்டு, முட்டை உணவையும் நிறுத்தி, சில மாதம் ஓய்வு கொடுங்கள். தீனிக் கிண்ணத்தில் முட்டையிட்டால் அதற்கு ஓய்வு போதவில்லை. சேவலைத் தனிக்கூண்டில் வையுங்கள்.

இளம் சேவல்கள் தந்தையிடமிருந்துதான் பாடக் கற்கின்றன. தானாகத் தின்னத் தொடங்கியதுமே பிரித்து விற்றுவிடாமல், இரண்டு மாதமாவது தந்தையின் குரல் கேட்கும் தூரத்தில் வைத்திருங்கள். கன்னத் திட்டு தெளிவானதும் சேவல், பெட்டை என்று தனித்தனிக் கூண்டுக்கு மாற்றிவிடலாம். உடன்பிறந்தவை ஜோடி சேராமல் இருக்க, வேறொருவரிடம் ஒன்றிரண்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.