சைப்ரஸ் பேச்சுவார்த்தை நியூஸை குழம்பாம படிக்கிறது எப்படி

சைப்ரஸ் மத்தியதரைக் கடல்ல ரெண்டா பிரிஞ்சு கிடக்குற தீவு, அதை திரும்ப ஒண்ணாக்கத்தான் இந்தப் பேச்சுவார்த்தை. முதல்ல யார் யாருன்னு பிடிச்சுக்கோங்க. தெற்கே கிரேக்க சைப்ரியாட், வடக்கே துருக்கிய சைப்ரியாட், நடுவுல ஐ.நா. படை காவல் காக்குற பஃபர் ஸோன். 1960ல சுதந்திரம் கிடைச்சப்பவே கிரீஸ், துருக்கி, பிரிட்டன் மூணும் உத்தரவாத நாடுன்னு (அதாவது தீவோட சுதந்திரத்துக்கு நாங்க பொறுப்புன்னு) உள்ள உக்காந்துடுச்சு, 1974ல ஒரு ஆட்சிக்கவிழ்ப்பு நடந்ததும் அதையே காரணம் காட்டித்தான் துருக்கி படை இறக்குச்சு, அந்தப் படை இன்னும் போகல. வடக்கு 1983ல தனி நாடுன்னு அறிவிச்சதை துருக்கியைத் தவிர யாரும் ஏத்துக்கல.

அடுத்து, எந்த நியூஸ்லயும் 'ஃபெடரேஷன்'னு இருக்கா 'ரெண்டு நாடு'ன்னு இருக்கான்னு பாருங்க. ஐ.நா. கேக்குறது ஃபெடரேஷன், அதாவது ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடு. ரெண்டாவதை ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா பேச்சு நகராது, போட்டோவுக்கு கை குலுக்கிட்டுப் போவாங்க அவ்ளோதான்.

2004 வாக்கெடுப்பை கட்டாயம் படிங்க, இதுதான் மெயின். தீவை ஒண்ணாக்க அப்போ ஐ.நா. தலைவரா இருந்த கோஃபி அன்னான் கொண்டு வந்த அன்னான் பிளானுக்கு வடக்கு சுமார் 65% ஆமான்னு சொல்லுச்சு, தெற்கு சுமார் 76% வேணாம்னுடுச்சு. ஆனா ஒரு வாரத்துல ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்தது வேணாம்னு சொன்ன தெற்கு ஆளுற அரசுதான்! எப்படியும் சீட் உறுதின்னா எவன் விட்டுக்கொடுப்பான், சொல்லுங்க. என்னைக் கேட்டா ஐரோப்பா பண்ண பெரிய சொதப்பல் அது.

2017ல ஸ்விட்சர்லாந்து, க்ரான்ஸ் மொண்டானால பேச்சு உடைஞ்சது துருக்கி படைவிலகல், அந்த மூணு நாட்டு உத்தரவாதம் இந்த ரெண்டுலதான். அதனால புது ரவுண்டு வந்தா அந்த ரெண்டு பாராவை முதல்ல தேடுங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.