எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளைப் பாதிப்பு: ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

"எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளைப் பாதிப்புக்குச் சிகிச்சை காண்பதே எங்கள் நோக்கம்" என்று தொடங்கும் வரைவுகளைப் பலமுறை படித்திருக்கிறேன். நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு நோய்கள் அடங்கியிருக்கின்றன. காசநோய் மூளைக்காய்ச்சல், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியால் வரும் மூளை அழற்சி ஆகியவற்றோடு, வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டும் மெல்லக் குறைந்துகொண்டே போகும் நினைவாற்றலும் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். கிரிப்டோகாக்கஸுக்கு ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வை ஏற்று, லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஒரே தவணையாக உயர் அளவில் கொடுத்து, அதனோடு இரண்டு வார மாத்திரைகளைச் சேர்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்துவிட்டது. அங்கே எஞ்சியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை மருந்தின் விலையையும் விநியோகத்தையும் பற்றியவை. நினைவாற்றல் குறைவிலோ அடிப்படைக் கேள்விகளே இன்னும் திறந்திருக்கின்றன என்பதால், இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நிதிக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) மனநல நிறுவனத்தை முதலில் பாருங்கள். எய்ட்ஸ் ஆய்வுக்கென்றே அங்கு ஒரு பிரிவு உண்டு. புதிதாக வருபவருக்கு ஆர்21 என்ற சிறு ஆய்வு நல்கை (நிதியுதவி) ஏற்றது: 2 ஆண்டுகளில் நேரடிச் செலவுக்கு மொத்தம் 2,75,000 டாலர், அதிலும் ஓராண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேற்படாமல் கேட்கலாம், முன்னோட்டத் தரவு கட்டாயமில்லை. அமெரிக்காவுக்கு வெளியிலுள்ள கூட்டாளிகளுக்கான விதிகள் 2025-இல் மாறின. ஆகவே அறிவிப்பில் தகுதி பற்றிய பகுதியை எல்லாவற்றுக்கும் முன்பாகப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தின் உயிர் நோக்கங்களைச் சொல்லும் அந்த ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. தொற்றுக்குள்ளான மோனோசைட்டுகள் என்ற வெள்ளை இரத்த அணுக்கள் வைரஸைச் சுமந்துகொண்டு மூளைக்குள் நுழைகின்றன. மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோக்லியாக்களில் அது தங்கிவிடுகிறது. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் மூளையில் அழற்சி நீடிக்கலாம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை உங்கள் மருந்து அறுக்கப் போகிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். இந்தியாவில் பெரிதும் காணப்படும் 'சி' வகை வைரஸின் டாட் என்ற புரதத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் ஓரிடத்தில் மாறியிருப்பதால், மோனோசைட்டுகளை ஈர்க்கும் அதன் ஆற்றல் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்திய நோயாளிகளிடம் ஏன் ஆய்வு நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு, நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்வதைவிட இது வலுவான விடை. அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் என்.ஐ.எச்.சில் அந்த நிதித் திட்டத்தைக் கவனிக்கும் திட்ட அதிகாரிக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்குபவர்கள் நம்மவர்களில் அதிகம், தயங்கத் தேவையே இல்லை.

பெரும்பாலான வரைவுகள் இடறி விழுவது அளவீட்டில். அமெரிக்காவில் 1,555 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில் 52 சதவீதத்தினரிடம் ஏதோ ஒரு குறைபாடு தெரிந்தது. முழு மறதிநோய் என்று சொல்லத்தக்கதோ 2 சதவீத அளவில்தான் இருந்தது. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இவ்வளவு தூரம் மாறும். 2005-இல் வந்த சர்வதேச எச்.ஐ.வி. மறதி அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 5 வினாடிகள் வேகமாகத் தட்ட வேண்டும். முஷ்டி, விரித்த உள்ளங்கை, பக்கவாட்டில் நிறுத்திய கை என்று 10 வினாடிகள் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பிறகு முதலில் சொல்லிக்கொடுத்த நாய், தொப்பி, அவரைக்காய், சிவப்பு என்ற நான்கு சொற்களை நினைவுகூர வேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்பரிசோதனை தேவை. பள்ளிக்கூடம் போகாத, தொப்பியே போட்டறியாத ஒரு பாட்டி அந்தச் சொல்லை மறந்தால், அது வைரஸின் வேலையா, பழக்கமின்மையா? தொப்பியைச் சேலையாக மாற்றினால், அந்த மாற்றத்தைச் சோதித்துப் பார்த்ததற்கான சான்றும் வேண்டும். ஆகவே அதே ஊரில், அதே வயதும் படிப்பும் உள்ள, தொற்று இல்லாதவர்களின் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கட்டாயம் பணம் ஒதுக்குங்கள். மனச்சோர்வு, மது, எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரையின் பக்கவிளைவு ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவீர்கள் என்றும் எழுதுங்கள்.

இந்திய நிறுவனம் பங்கேற்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலையும் இரகசியக் காப்பையும் வலியுறுத்துகிறது. நினைவாற்றல் குறைந்தவர் ஒப்புதல் தரும் நிலையில் இருக்கிறாரா என்று சோதிக்கும் முறையைத் தனிப் பத்தியாகவே எழுதிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் உங்கள் நிறுவனம் செய்துகொள்ள வேண்டிய பதிவுகளுக்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

என்.ஐ.எச். மதிப்பீட்டில் 1 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண், 9 மிக மோசம். ஏறத்தாழ பாதி விண்ணப்பங்கள் மதிப்பீட்டாளர்களின் கூட்டத்தில் விவாதத்துக்கே வருவதில்லை. அப்படித் திரும்பி வந்தாலும் எழுத்துவடிவ விமர்சனம் கிடைக்கும். 37 மாதங்களுக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். அப்போது சேர்க்க வேண்டிய ஒரு பக்க முன்னுரையில் மதிப்பீட்டாளரோடு வாதாடாமல், அவர் சொன்ன குறையை எந்தப் பக்கத்தில் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மட்டும் குறிப்பிடுங்கள்.