மனநோய்க்கு மருந்து எடுப்பவரின் கை இறுகினால், நடுங்கினால் என்ன செய்வது?

ஹலோபெரிடோல் போன்ற மருந்து எடுப்பவருக்குக் கை இறுகி, நடக்கும்போது கைவீச்சுக் குறைந்து, தேத்தண்ணிக் கோப்பை தளம்பினால் சோம்பல் என்று ஏசாதீர்கள், பெரும்பாலும் அது மருந்தின் பக்கவிளைவு. அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. கிளினிக் போகுமுன் ஒரு தாளில் இரண்டு மூன்று வரி எழுதவையுங்கள். எழுத்து போகப்போகச் சிறுத்தால் அந்தத் தாளையே டொக்டரிடம் காட்டுங்கள், மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ அவரால் முடியும்.

மனநிலையைச் சீராக வைத்திருக்கக் கொடுக்கும் லிதியம் என்ற மருந்தை எடுப்பவருக்கு மெல்லிய நடுக்கம் வழமைதான். ஆனால் கை பெரிதாக ஆடி, வாந்தி, வயிற்றோட்டம், நாக்குளறல், தள்ளாட்டமும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதில் தாமதம் வேண்டவே வேண்டாம். திருகோணமலை வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லிதியம் ஏறும். அதனால் உப்புவெளிக் கடற்கரைக்குக் காலாற நடந்தாலும் தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

சரி, கைக்குப் பயிற்சி? வீட்டு வேலையே போதும். முருங்கையிலை ஆய்வது, இறால் உரிப்பது, சேட்டுப் பொத்தான் போடுவது எல்லாம் விரலுக்கு நல்லது. இடியப்பம் பிழிவது இரண்டு கைக்குமான வேலை, மாவை மட்டும் கொஞ்சம் இளக்கமாகக் குழையுங்கள். மெதுவாகத்தான் செய்வார், பறித்து நீங்கள் செய்துவிடாதீர்கள்.