பாட்டுக்கு உட்பொருள் காண்பவர்கள் வழுக்கும் இடங்கள்

பாட்டுக்கு உட்பொருள் சொல்ல வருபவர்கள் முதலில் சறுக்குவது வெளிப்பொருளில்தான். பாடுவது யார், யாரிடம் பாடுகிறார், என்ன நடந்துவிட்டது என்பதையெல்லாம் பாட்டு நேராகவே சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் தாண்டிப்போய், "இந்த நிலா எதைக் குறிக்கிறது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நல்ல உட்பொருள் எப்படி நிற்கும் என்று பார்க்கக் கடுவெளிச் சித்தரின் இந்த வரிகளே போதும்:

நந்தவனத்தில் ஓர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டி
கொண்டுவந்தான் ஒரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தாண்டி

ஓர் ஆண்டி குயவனை மாதக்கணக்கில் நச்சரித்து ஒரு மண்பாண்டம் வாங்கி வந்தான். ஆடிய ஆட்டத்தில் அதைப் போட்டு உடைத்தான். கதை இவ்வளவுதான், எந்த விளக்கமும் இல்லாமலே முழுதாக இருக்கிறது. இனி ஆண்டியை உயிராகவும், குயவனைப் படைத்தவனாகவும், தோண்டியை உடலாகவும் வைத்துப் பாருங்கள். ஒரு வரியும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை. இந்தப் பாட்டின் தொடக்கமோ "பாபஞ்செய்யாதிரு மனமே" என்பது. நாளை எமன் கோபத்தோடு வந்து கொண்டோடிப் போவான் என்ற எச்சரிக்கை அடுத்தே வருகிறது. ஆண்டி வரிகளை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தத் தொடக்கத்தை விட்டுவிடுவது வேடிக்கை. அவர்கள் சொல்லும் விளக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

நாலாறு என்பதை நாலும் ஆறும் பத்து, கருவில் கழிந்த பத்து மாதம் என்று சொல்வார்கள். எனக்கும் பிடித்த விளக்கம்தான். ஆனால் ஈராறு என்றால் பன்னிரண்டு என்று பெருக்கிக்கொள்வதே நம் வழக்கம். அந்தக் கணக்கில் நாலாறு இருபத்துநாலு ஆகிவிடும். இங்கே கூட்டிக்கொள்ளத் துணிகிறோம் என்றால், மற்ற வரிகள் ஏற்கெனவே உடலையும் பிறப்பையும் காட்டிக் கொடுத்துவிட்டதால்தான். எண்ணை எடுத்துவிட்டாலும் அந்த விளக்கம் விழாது. எண்ணிலிருந்து தொடங்கியிருந்தால், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அப்படி ஒற்றைத் துப்பைப் பிடித்துக்கொண்டு ஓடியதற்குப் புகழ்பெற்ற சான்று பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் "லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்". 1967இல் வந்த பாட்டு. தலைப்பில் உள்ள லூசி, ஸ்கை, டயமண்ட்ஸ் என்ற சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பெயர் வருகிறது என்று உலகமே கண்டுபிடித்தது. தன் சிறு மகன் வரைந்து கொண்டுவந்த படமும் அதற்கு அவன் சொன்ன பெயருமே பாட்டாகியது என்று அதை எழுதிய, குழுவைச் சேர்ந்த ஜான் லெனன் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் குறைவு.

அடுத்தது, பாட்டில் வரும் "நான்" கவிஞரே என்றும் "நீ" அவர் வீட்டருகே வாழ்ந்த யாரோ என்றும் முடிவு கட்டுவது. பாரதியின் கண்ணம்மா யார் என்ற ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை. 1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டைத் திறந்தாலே போதும்: கண்ணம்மா ஓரிடத்தில் குழந்தை, ஓரிடத்தில் காதலி, ஓரிடத்தில் குலதெய்வம். பாரதியே தலைப்பில் பிரித்து எழுதியிருக்கிறார். "கன்னத்தில் முத்தமிட்டால் உள்ளந்தான் கள்வெறி கொள்ளுதடி" என்ற வரியைத் தனியே கேட்டால் காதல் பாட்டு என்றுதான் தோன்றும். அதே பாட்டில் "ஓடி வருகையிலே கண்ணம்மா உள்ளங் குளிருதடீ" என்றும் வருகிறது. ஓடி வருவது ஒரு குழந்தை. பாட்டின் தலைப்பே "கண்ணம்மா – என் குழந்தை".

பல்லவியோடு நின்றுவிடும் பழக்கமும் உண்டு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் "பார்ன் இன் தி யு.எஸ்.ஏ." (அமெரிக்காவில் பிறந்தவன்) 1984இல் வந்தது. பல்லவியை மட்டும் கேட்டால் தேசப்பெருமை முழங்குகிறது. சரணங்களில் இருப்பவனோ வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி, வேலையின்றி அலைகிறவன். மெட்டின் எழுச்சியும் வரியின் கசப்பும் வேண்டுமென்றே எதிரெதிராக வைக்கப்பட்டவை. இசை சொல்வதையே பாட்டும் சொல்கிறது என்று நம்பிக் கேட்பவருக்கு இது பிடிபடாது.

மெட்டுக்கு எழுதும் பாட்டுகளில் வேறொரு சங்கடம். அங்கே சந்தம் முதலாளி. ஓர் இடத்தில் இரண்டு அசை நிரம்பாமல் நின்றால், "அடி", "அம்மா", "கண்ணே" என்று ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். எதுகைக்காக வந்த ஒரு பறவைக்கு மூன்று பக்கம் தத்துவ விளக்கம் எழுதுவது அந்தப் பறவைக்கே கூச்சமாக இருக்கும். ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள். பொருள் குலைந்தால் அந்தச் சொல்லை நோண்டலாம்.

சொற்களைச் சரியாகக் கேட்டோமா என்பதையும் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பல, யாரோ காதால் கேட்டுத் தட்டச்சு செய்தவை. மேலே உள்ள சித்தர் பாட்டையே பாடக் கேட்டால் கடைசியிலும் ஓர் "ஆண்டி" வருவதுபோல் தோன்றும்; அங்கே இருப்பது "உடைத்தான் அடி". அச்சுப் பிரதி இருந்தால் அதைப் பார்த்துவிட்டு விளக்கத்தில் இறங்குவது நல்லது.

எழுதியவரின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எனக்குச் சிக்கலாகத் தெரிகிறது. பாட்டு எதிலிருந்து பிறந்தது என்பதற்கு அவரே முதல் சாட்சி. அவர் நினைக்காத ஒன்று வரிகளில் வந்து அமர்ந்திருந்தால் அதைக் காட்டும் உரிமை கேட்பவருக்கு உண்டு. "கவிஞர் இதைத்தான் நினைத்தார்" என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. சில சமயம் கவிஞரே வேண்டுமென்று வலை விரிப்பதும் உண்டு. தான் படித்த பள்ளியில் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பாடமாக அலசுகிறார்கள் என்று கேள்விப்பட்ட லெனன், யாராலும் அலச முடியாதபடி "ஐ ஆம் த வால்ரஸ்" (நான்தான் வால்ரஸ் என்ற கடல் விலங்கு) பாட்டை எழுதினார். 1968இல் இன்னொரு பாட்டில் அந்த வால்ரஸ் தன் குழுவின் பால் மெக்கார்ட்னிதான் என்று ஒரு பொய்த் துப்பையும் போட்டுவைத்தார். அடுத்த ஆண்டே, மெக்கார்ட்னி எப்போதோ இறந்துவிட்டார், குழு அதை மறைக்கிறது என்ற வதந்தி கிளம்பியது. ரசிகர்கள் அடுக்கிய ஆதாரங்களில் அந்த வரியும் இருந்தது. உயிரோடு இருப்பதாக மெக்கார்ட்னியே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க வேண்டியதாயிற்று.