டிஎஸ்எல்ஆரா, பிரிட்ஜ் கேமராவா? முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

கைப்பேசி போதவில்லை, ஒரு நல்ல கேமரா வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு பக்கம் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர். கேனான் 1500டி, நிகான் டி3500 மாதிரி. லென்ஸைக் கழற்றி மாட்டலாம். இன்னொரு பக்கம் சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமரா. நிகான் கூல்பிக்ஸ் பி950, கேனான் எஸ்எக்ஸ்70 மாதிரி. லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் நிலாவில் இருக்கும் பள்ளங்கள் வரை இழுத்துக் காட்டும்.

இதில் எது நல்ல கேமரா என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: நான் எடுக்க நினைப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே வெளிச்சம் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கேமரா தானாகவே முடிவாகிவிடும். அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கைப்பேசியில் சரியாக வராத படங்களைத் திறந்து பாருங்கள்

காசு செலவில்லாத படி இது. ஆனால் பலரும் செய்வதில்லை. நன்றாக வந்த படங்களை விடுங்கள். எடுத்துப் பார்த்து ஏமாந்த படங்கள் மட்டும் போதும். கோயில் கோபுரத்து உச்சியில் உட்கார்ந்த கிளி ஒரு பச்சைப் புள்ளியாக வந்திருக்கிறதா? அது தூரத்தின் பிரச்சினை. பிறந்தநாள் விழாவில் குழந்தை கேக் வெட்டும் படம் கலங்கிப்போய் வந்திருக்கிறதா? அது வெளிச்சத்தின் பிரச்சினை. எந்த வகை அதிகம் என்று எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். கடைக்காரர் பேச ஆரம்பித்ததும் உங்கள் தேவை உங்களுக்கே மறந்துபோகும். அப்போது இந்தத் தாள் உதவும்.

படி 2: சென்சாரின் அளவைப் பாருங்கள், மெகாபிக்சலை அல்ல

பி950 கேமராவில் 16 மெகாபிக்சல், எஸ்எக்ஸ்70-இல் 20, கேனான் 1500டி-யில் 24. மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் சென்சாரை, அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பி950, எஸ்எக்ஸ்70 இரண்டிலும் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 1500டி-யின் சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பளவில் ஏறக்குறைய 12 மடங்கு.

பெரிய சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் அதிக வெளிச்சத்தை வாங்கும். அதனால் மங்கலான இடத்திலும் படம் மணல் தூவினாற்போல ஆகாது. பின்புலத்தை மங்கலாக்கி முகத்தை மட்டும் தெளிவாகக் காட்டுவதும் இதில் சுலபம். அப்படியானால் எல்லோரும் பெரிய சென்சாரையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அடுத்த படி வருகிறது.

படி 3: ஜூம் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

பெட்டியில் 83 எக்ஸ், 125 எக்ஸ் என்று போட்டிருப்பது ஒரு விகிதம் மட்டும்தான். லென்ஸின் அகலமான முனைக்கும் நீளமான முனைக்கும் உள்ள மடங்கு அது. எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரிய, பெட்டியிலேயே எழுதியிருக்கும் மி.மீ. கணக்கை, அதாவது லென்ஸின் ஃபோகல் லெங்த்தைப் பாருங்கள். எண் கூடக் கூட எட்டலும் கூடும். பி950 என்றால் 24 முதல் 2000 மி.மீ. வரை. எஸ்எக்ஸ்70 என்றால் 21 முதல் 1365 வரை. 2018-இல் வந்த நிகான் பி1000 என்றால் 3000 வரை. இவையெல்லாம் 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமாக்கிச் சொல்லும் எண்கள். டிஎஸ்எல்ஆர் லென்ஸில் எழுதியிருப்பது அப்படிச் சமமாக்காத எண். அதை ஒப்பிட வேண்டுமானால் கேனானில் 1.6-ஆலும் நிகானில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனானின் 55-250 லென்ஸ் 88 முதல் 400 வரை ஆகும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 88-ஐத் தாண்டாது.

இப்போது ஒரு பறவையை வைத்துப் பார்ப்போம். ஏரிக்கரை மின்கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. உங்களிடமிருந்து 30 மீட்டர். அலகிலிருந்து வால்வரை அது ஏறக்குறைய 28 செ.மீ. இருக்கும். லென்ஸின் உண்மையான (சமமாக்காத) ஃபோகல் லெங்த்தைப் பறவையின் நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சார்மேல் விழும் பிம்பத்தின் நீளம் கிடைத்துவிடும்.

கிட் லென்ஸை 55-இல் வைத்தால் பிம்பம் அரை மி.மீ. அளவு விழும். 1500டி-யில் அது சுமார் 140 பிக்சல். பறவை இருக்கிறது என்று மட்டும் தெரியும். 55-250 லென்ஸ் மாட்டினால் 2.3 மி.மீ., சுமார் 630 பிக்சல். என்ன பறவை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம், கொஞ்சம் வெட்டி எடுத்துப் பகிரவும் செய்யலாம். பி950-இன் உண்மையான ஃபோகல் லெங்த் 357 மி.மீ. தான். ஆனால் அதன் சென்சாரில் புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதால் அதே பறவை சுமார் 2,500 பிக்சல் நீளத்துக்கு விழும். படத்தின் பாதி அகலத்துக்கும் மேல்!

அந்த 2,500 பிக்சலும் கூர்மையாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முழு ஜூமில் பி950-இன் அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 6.5. இந்த எண் பெரிதானால் திறப்பு சின்னது. அவ்வளவு சின்னப் புள்ளிகளுக்கு அந்த அபர்ச்சரில் ஒளி விளிம்பில் சிதறி விரிந்துவிடும். நுணுக்கம் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். அப்படியிருந்தும் நல்ல வெயிலில் இறகு வரிசை தெரியும், 250 மி.மீ. லென்ஸால் அதைக் காட்ட முடியாது. டிஎஸ்எல்ஆரில் இந்த எட்டல் வேண்டுமென்றால் அதற்கான பெரிய லென்ஸின் விலை கேமராவின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும். நாம் கரையில் நிற்போம். கிட்டே போக வழியே இல்லை.

ஒரு விஷயத்தை எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். எவ்வளவு ஜூம் இருந்தாலும் உச்சிவெயிலில் தூரத்துப் படங்கள் கானலில் நெளியும். அது கேமராவின் குறை இல்லை, நடுவில் உள்ள சூடான காற்றின் வேலை. காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

படி 4: வெளிச்சக் கணக்கு

வீட்டுக் கூடத்தில் இரவு நேரம், சாதாரண எல்இடி விளக்கு. கிட் லென்ஸை 55-இல் வைத்தால் அபர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 1600 வைத்தாலும் ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) ஏறக்குறைய 1/30 வினாடிதான் கிடைக்கும். ஓடியாடும் குழந்தைக்கு அது போதாது. அதே கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1/30 இருந்த இடத்தில் 1/300 கிடைக்கும். குழந்தை அசைந்தாலும் கண் தெளிவாக நிற்கும்.

தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் வாங்குவதற்கு உண்மையான காரணம் இந்த ஒன்றுதான் என்பேன். கிட் லென்ஸோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு டிஎஸ்எல்ஆரின் பாதிப் பலன்கூடக் கிடைப்பதில்லை. கேனானின் 50 எஃப் 1.8 லென்ஸ் வெறும் 160 கிராம். லென்ஸ்களிலேயே மலிவான வகையில் சேர்ந்தது. நிகான் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி3500, டி5600 கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் வாங்க வேண்டும். பழைய 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

பிரிட்ஜ் கேமராவான பி950-இல் அகல முனையில் எஃப் 2.8 இருக்கும், ஆனால் சின்ன சென்சார் என்பதால் ஐஎஸ்ஓ 800-க்கு மேல் போனதும் படம் கரகரப்பாகத் தொடங்கிவிடும். ஜூம் இழுத்தால் அபர்ச்சரும் சுருங்கும். விடியற்காலை மங்கலில் முழு ஜூமில் ஷட்டர் ஸ்பீடு 1/100-க்குக் கீழே விழும். மண்டபத்துக்குள், திருமண மேடையில், இரவுத் திருவிழாவில் இதை நம்ப வேண்டாம்.

படி 5: முடிவெடுங்கள்

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். தூரம்தான் அதிகம் என்றால், அதுவும் பகல் வெளிச்சத்தில் என்றால், தயங்காமல் பிரிட்ஜ் வாங்குங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால்தான் புகைப்படக்காரர் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பறவைகளை அடையாளம் கண்டு பதிவு செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல துணை இந்த விலையில் கிடையாது.

வீட்டு மனிதர்கள், விழாக்கள், கோயில் உட்புறம், இரவுத் தெரு என்றால் டிஎஸ்எல்ஆரும் 50 எஃப் 1.8 லென்ஸும். பறக்கும் பறவையைத் துரத்தி எடுப்பதிலும் டிஎஸ்எல்ஆர்தான் மேல். அதன் வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடி வழியே வரும் நேரடிக் காட்சி, தாமதமே இல்லை. ஃபோகஸும் சட்டென்று பிடிக்கும்.

இரண்டும் வேண்டும், கையில் கொஞ்சம் கூடுதல் பணமும் இருக்கிறது என்றால் ஒரு இன்ச் சென்சார் உள்ள பிரிட்ஜ் கேமராக்களைத் தேடுங்கள். சோனி ஆர்எக்ஸ்10 வரிசை, பானசோனிக் எஃப்இசட்1000 போன்றவை. சென்சார் சாதாரண பிரிட்ஜைவிட நான்கு மடங்கு பெரிது. ஜூம் மட்டும் குறையும். ஆர்எக்ஸ்10-இன் நான்காம் மாடல் 600 மி.மீ. வரைதான் போகும்.

எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிரிட்ஜ் என்றால் லேசானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பி950 ஒரு கிலோ கனம். 1500டி-யும் 55-250 லென்ஸும் சேர்ந்தே அதைவிடக் குறைவு. பேட்டரியும் அப்படித்தான்: டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது, பி950-க்கு அந்தக் கணக்கு 290. பிரிட்ஜ் வாங்கினால் கூடவே ஒரு உபரி பேட்டரியும் வாங்கிவிடுங்கள்.

படி 6: கடையில் செய்ய வேண்டியது

உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். பிரிட்ஜ் என்றால் கடை வாசலில் நின்று, தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை முழு ஜூமில் எடுங்கள். முழு ஜூமில் பொருளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கென்று நிகானில் ஸ்னாப்-பேக் என்றும் கேனானில் ஃப்ரேமிங் அசிஸ்ட் என்றும் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கும், பொருளை நடுவில் கொண்டுவந்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இதை இரண்டு மூன்று முறை பழகிப் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் கடையின் இருட்டான மூலையில் உங்களோடு வந்தவரை நிற்கச் சொல்லி எடுங்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் முழு அளவில் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் போய் வாங்குங்கள்.

இரண்டு லென்ஸ் சேர்த்துத் தரும் தொகுப்பில் இரண்டாவது லென்ஸ் எது என்று பாருங்கள். 55-250 ஐஎஸ் என்றால் நல்லது. 75-300 என்றால் வேண்டாம். அதில் கை அதிர்வைத் தடுக்கும் வசதி இல்லை. பிரிட்ஜில் ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) கிடைக்குமா என்றும் கேளுங்கள். பழைய மாடலான நிகான் பி900-இல் கிடையாது, பி950, பி1000, எஸ்எக்ஸ்70 மூன்றிலும் உண்டு.

படி 7: பழையது வாங்குவதானால்

கேனானும் நிகானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. கவனம் முழுக்க உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டது. அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. தொடக்கக்காரருக்கு இது நல்ல காலம்தான்.

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பயன்படுத்திய லென்ஸ்களில் அதிகம் வரும். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். பழைய பிரிட்ஜ் வாங்குவதில் எனக்கு விருப்பம் குறைவு. ஜூம் மோட்டார் தேய்ந்துபோனால் லென்ஸை மட்டும் மாற்ற முடியாது, கேமராவே முடங்கிவிடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஜூமை முழுக்க இழுத்து, முழுக்கச் சுருக்கி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரத்தாலோ நடுவில் நின்றாலோ வேண்டாம்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

பிரிட்ஜ் என்றால் முதல் வேலையாக மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர புதிதாக எதையும் காட்டாது. ஷட்டர் ஸ்பீடை நாமே வைக்கும் முறையில் (நிகானில் எஸ், கேனானில் டிவி) ஷட்டரை 1/500-இல் வையுங்கள், ஐஎஸ்ஓ உச்சவரம்பு 800. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முடிந்தால் சுவரிலோ கம்பியிலோ சாய்ந்து எடுங்கள். எந்தக் கேமராவானாலும் முழு ஜூமில் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியே அப்படிப் பார்த்தால் கண்ணுக்கே ஆபத்து.

டிஎஸ்எல்ஆர் என்றால் ஆட்டோவை விட்டுவிட்டு அபர்ச்சர் முறைக்கு வாருங்கள். கேனானில் ஏவி, நிகானில் ஏ. 50 லென்ஸில் எஃப் 2 வைத்து, ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதை எதிரே இருப்பவரின் கண்மேல் வைத்து எடுங்கள். அதே படத்தை எஃப் 5.6-இல் இன்னொரு முறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோடு கேமராவை வையுங்கள். தோல் பையிலேயே போட்டு அலமாரியில் மூடிவைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் புதிதாக மாற்றிவிடுங்கள்.